விளம்பரக் கடிகாரத்தின் கண்ணாடி முகம்: ஒட்டுவதா, தீட்டுவதா, மாற்றுவதா?

பழைய விளம்பரச் சுவர்க் கடிகாரத்தை வாங்குபவர் யாரும் நேரம் பார்ப்பதற்காக வாங்குவதில்லை. குளிர்பானத்தின் பெயரோ டயர் கம்பெனியின் சின்னமோ எழுதிய அந்த வட்ட முகம் இரவில் உள்விளக்கோடு ஒளிர்வதைப் பார்க்கத்தான் வாங்குகிறார்கள். தகரப் பெட்டி துருப்பிடித்திருந்தால் தேய்த்துப் பூசலாம். மோட்டார் ஓடாவிட்டால் இன்னொன்று கிடைக்கும். வயரையும் பல்பு ஹோல்டரையும் புதிதாகப் போட்டாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. கண்ணாடி அப்படியல்ல. அதில் உள்ள அச்சு போய்விட்டால் மிஞ்சுவது விளக்கு வைத்த ஒரு தகர டப்பாதான்.

ஆகவே கண்ணாடி பழுதான கடிகாரம் கைக்கு வந்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: அப்படியே விடுவதா, ஒட்டுவதா, உதிர்ந்த இடத்தில் வண்ணம் தீட்டுவதா, புதுக் கண்ணாடி போடுவதா? ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். சேகரிப்பாளர்களில் பாதிப் பேர் 'தொடாதே' என்பார்கள், மீதிப் பேர் 'மாற்றிவிடு' என்பார்கள். இரு தரப்புமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கடிகாரத்தில் இனி விளக்கு எரியப்போகிறதா, எரியாதா? அதை முடிவு செய்யாமல் பசையையோ தூரிகையையோ கையில் எடுப்பதில் பொருளில்லை. ஏன் என்பதற்கு முதலில் இந்தக் கடிகாரங்கள் எப்படிச் செய்யப்பட்டன என்று பார்க்க வேண்டும்.

முகம் எப்படிச் செய்யப்பட்டது

விளம்பரக் கடிகாரங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. 1890-களில் அமெரிக்காவின் பிளாட்ஸ்பர்க் நகரில் இயங்கிய பேர்ட் நிறுவனம் காகிதக்கூழில் வார்த்த சட்டத்தின் மேல் விளம்பர எழுத்துகளை ஏற்றி விற்றது. அவற்றில் கண்ணாடி வெறும் மூடிதான். உடைந்தால் வேறொன்றை வெட்டிப் பொருத்தினால் வேலை முடிந்தது. இந்தக் கட்டுரை பேசுவது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த மின்சாரக் கடிகாரங்களைப் பற்றி. நியூ ரோஷெல் நகரின் பாம் கிளாக் கம்பெனி, மாசச்சூசெட்ஸ் மாநிலம் ஆஷ்லேண்டின் டெலிக்ரான், சின்சினாட்டியின் அட்வர்டைசிங் புராடக்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்தன. கோகோ கோலா, பெப்சி, டாக்டர் பெப்பர் என்று குளிர்பானக் கம்பெனிகளின் சின்னங்களைத் தாங்கி இவை கடைச் சுவர்களில் தொங்கின.

இவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆழமில்லாத தகரப் பெட்டி. அதற்குள் சில பல்புகள். அதன் முன்னால் எண்கள் அச்சிட்ட உள்கண்ணாடி. நடுத் துளை வழியாக வெளியே வரும் முட்கள். எல்லாவற்றையும் மூடும் குவிந்த வெளிக்கண்ணாடி. சில மாதிரிகளில் விளம்பரமும் எண்களும் உள்கண்ணாடியிலேயே இருக்கும். வெளிக்கண்ணாடியில் ஒன்றும் இருக்காது. வேறு சிலவற்றில் இரண்டு கண்ணாடியும் குவிந்தவை. எண்கள் உள்ளே, விளம்பரம் வெளியே. சேகரிப்பாளர்கள் 'டபுள் பபிள்' என்று ஆசையோடு சொல்வது இந்த வகையைத்தான். உங்களிடம் உள்ளது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்தது அச்சில்லாத வெளிக்கண்ணாடி மட்டும் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது: அதே அளவில், அதே வளைவில் புதிது போடுங்கள், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

அச்சுள்ள கண்ணாடியில்தான் கவனம் வேண்டும். அச்சு எப்போதும் கண்ணாடியின் பின்பக்கத்தில் இருக்கும். முன்னால் தெரிய வேண்டிய எழுத்தும் கோடும் முதலில் அச்சாகும், பின்னணி நிறம் அதன் மேல் வரும், கடைசியில் ஒளியைப் பரப்பும் வெள்ளைப் படலம். அதாவது சாதாரண ஓவியத்தின் வரிசை இங்கே தலைகீழ். இந்த மையைப் பெரும்பாலும் சூளையில் சுடவில்லை. ஸ்க்ரீன் பிரின்டிங் முறையில் ஏற்றிக் காயவைத்ததோடு சரி. கண்ணாடிக்கு எதையும் உறிஞ்சும் குணம் கிடையாது. ஆகவே அந்தப் பெயின்ட் கண்ணாடிக்குள் ஊறவில்லை, மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் அதன் பிடிப்பு.

அதன் பின்னால் பல ஆண்டுகளாகக் குண்டு பல்பு எரிந்திருக்கிறது. இழை எரியும் பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியிடும். கடை திறந்ததும் சூடு, மூடியதும் குளிர்ச்சி. கண்ணாடி ஓர் அளவுக்கு விரிய, பெயின்ட் வேறோர் அளவுக்கு விரியும். ஆண்டுக்கணக்கில் இப்படி இழுபட்ட படலம் ஒருநாள் பொருக்குப் பொருக்காக எழும்பத்தான் செய்யும். விரிசலும் பல நேரங்களில் அடிபட்டதால் வந்ததில்லை. விளிம்பில் உள்ள கிளிப்புகள் இறுகிப் போய், விரியும் கண்ணாடிக்கு இடமில்லாததால் வந்ததாக இருக்கும். இரண்டு பழுதுக்கும் வேர் பெட்டிக்குள் இருக்கும் பல்புதான். அந்தப் பல்பை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணாடியைச் சரிசெய்தால் அதே பழுது மீண்டும் வரும்.

முதல் முடிவு: விளக்கு

விளக்கே வேண்டாம், பகலில் சுவரில் தொங்கினால் போதும் என்றால் உங்கள் வேலை பாதியாகக் குறைகிறது. ஒட்டின கோடு மங்கலாகத்தான் தெரியும். தீட்டின இடம் அதே நிறத்தில் இருந்தால் கண்ணுக்குப் படாது. பசைக்கும் சூட்டின் தொல்லை இல்லை. அறைக்குள் நேர் வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டினால் போதும்.

விளக்கு எரிய வேண்டும் என்றால் கதை மாறுகிறது. பின்னாலிருந்து ஒளி வரும்போது கண்ணாடியின் ஒவ்வொரு குறையும் இரட்டிப்பாகத் தெரியும். பெயின்ட் உதிர்ந்த புள்ளி கண்ணைக் கூசும் வெள்ளைத் துளையாக மாறும். அதை மறைக்கக் கெட்டியாகப் பூசிய வண்ணம் கறுப்புத் திட்டாக மாறும். விரிசல் ஒரு வெள்ளிக் கம்பியாக மின்னும். பகலில் 'அட, தெரியவே இல்லையே' என்று பாராட்டு வாங்கிய வேலை சுவிட்சைப் போட்டதும் அம்பலமாகிவிடும். எல்லாப் பரிசோதனையையும் விளக்கை எரியவிட்டு ஒரு முறை, அணைத்து ஒரு முறை செய்ய வேண்டியது இதனால்தான்.

விளக்கு வேண்டும் என்பவர்களுக்கு எல்இடி தவிர வேறு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 25 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை எல்இடி சுமார் 3 வாட்டில் தந்துவிடும். பெட்டிக்குள் சூடு ஏறாது. புற ஊதாக் கதிரும் மிகக் குறைவு. 2,700 கெல்வின் நிறவெப்பம் கொண்டதை வாங்கினால் பழைய மஞ்சள் ஒளி கிடைக்கும். வெள்ளை எல்இடி போட்டால் சிவப்பு எழுத்துகள் வெளிறி, மருந்துக் கடைப் பலகை போலத் தெரியும். பழைய ஹோல்டரிலேயே பொருந்தும் எல்இடி பல்பு இருப்பதால் பெட்டியில் எதையும் வெட்டவோ துளைக்கவோ தேவையில்லை. நியான் குழாய் சுற்றிய கடிகாரங்கள் மட்டும் விலக்கு. அவற்றின் டிரான்ஸ்ஃபார்மர் ஆயிரக்கணக்கான வோல்ட் தருவது. அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அப்படியே நிலைநிறுத்துவது

முதல் வழி, இருப்பதை இருந்தபடியே காப்பது. கண்ணாடி முழுதாக இருந்து, பெயின்ட் மட்டும் அங்கங்கே உதிர்ந்திருந்தால் இதுவே என் முதல் தேர்வு. உதிர்ந்தது கால்வாசிக்குள் இருந்தால் எழுத்தும் சின்னமும் பெரும்பாலும் படிக்கும்படியாகவே இருக்கும். வயதான பொருளில் வயது தெரிவதில் என்ன குறை?

இந்த வழியில் செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாததுதான் அதிகம். முன்பக்கத்தை வடிகட்டிய நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம், ஈரம் விளிம்பு தாண்டிப் பின்னால் போகாமல். பின்பக்கத்தில் மென்மையான உலர்ந்த தூரிகையைத் தவிர வேறெதுவும் படக் கூடாது. பெயின்ட் எழும்பி நிற்கும் இடத்தில் அதுவும் கூடாது. அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் பின்பக்கம் பட்டால் சில நொடிகளில் விளம்பரம் துணிக்கு வந்துவிடும். உதிர்ந்த தூளையும் அலட்சியமாக ஊதித் தள்ள வேண்டாம். அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மைகளில் ஈயக் குரோமேட் இருக்க வாய்ப்பு உண்டு. ஈயம் கலந்த வீட்டுப் பெயின்டுக்கு அமெரிக்காவில் தடை வந்ததே 1978-இல்தான். ஈரத் துணியில் ஒற்றி எடுத்து, கையைக் கழுவிவிடுங்கள்.

எழும்பி நிற்கும் பொருக்கைப் பிடித்து வைக்க அருங்காட்சியகங்களில் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை மிக நீர்த்த கரைசலாக்கிப் பயன்படுத்துவார்கள். காலப்போக்கில் மஞ்சளாகாது, பின்னாளில் கரைத்து எடுக்கவும் முடியும். ஆனால் அதைக் கரைக்கும் அசிட்டோனே உங்கள் பெயின்டையும் கரைக்கக்கூடும். விளிம்புக்கு அடியில் மறையும் ஓர் ஓரத்தில் சொட்டு வைத்துப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. இன்னொன்று: இந்தப் பிசின் சுமார் 40 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். குண்டு பல்பு எரியும் பெட்டியின் கண்ணாடி அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். விளக்கை முதலில் முடிவு செய்யுங்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

கடையில் கிடைக்கும் ஸ்ப்ரே வார்னிஷை 'பெயின்ட் உதிராமல் இருக்க' என்று பின்பக்கம் அடிப்பவர்கள் உண்டு. அதன் கரைப்பான் பழைய படலத்தை இளக்கி, சுருக்கி, சில இடங்களில் ஒளிபுகும்படி ஆக்கிவிடும். பிறகு எந்த வல்லுநராலும் இரண்டையும் பிரிக்க முடியாது. இதைவிட ஒன்றும் செய்யாமல் விடுவது எவ்வளவோ மேல்.

விரிசலை ஒட்டுவது

கண்ணாடி இரண்டு மூன்று துண்டுகளாக, விளிம்புகள் சிதையாமல் இருந்தால் ஒட்டலாம். இங்கே தேர்வு பசையைப் பற்றியது. காற்றுக்கும் கண்ணாடிக்கும் ஒளிவிலகல் எண் வேறு என்பதால்தான் விரிசல் மின்னுகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடியின் எண் சுமார் 1.52. இடுக்கை நிரப்பும் பசைக்கும் அதே எண் இருந்தால் ஒளி தடையின்றிக் கடந்து, கோடு பெருமளவு மறையும். கண்ணாடிப் பாதுகாப்பாளர்கள் விரும்பும் ஹெக்ஸ்டால் என்ற எபாக்சியின் எண் 1.52-ஐ ஒட்டியது. தண்ணீர் போல ஓடக்கூடியது, ஆண்டுகள் ஆனாலும் மஞ்சளாவதில்லை. ஆனால் கெட்டியாக ஒரு வாரம் பிடிக்கும். அதுவரை துண்டுகள் அசையாமல் இருக்க வேண்டும். பாரலாய்டின் எண் 1.49, கோடு கொஞ்சம் தெரியும், ஆனால் தவறினால் பிரித்து மீண்டும் ஒட்டலாம். அவசரக்காரர்கள் எடுக்கும் சூப்பர் குளூவை இந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனமில்லை. கண்ணாடியின் காரத்தன்மையும் மேற்பரப்பில் படியும் ஈரமும் அதன் பிடிப்பைச் சில மாதங்களில் தளர்த்திவிடும். போதாக்குறைக்கு, அது உலரும்போது எழும் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலமாகப் படியும். புற ஊதா ஒளியில் உறையும் பசை ஜன்னல் கண்ணாடிக்கும் மேசைக்கும் நல்லதுதான். அச்சுள்ள கண்ணாடியில் பெயின்ட் ஒளியை மறைக்கும் இடங்களில் அது சரியாக உறையாது.

வேலை முறை எளிது, பொறுமைதான் கடினம். துண்டுகளை உலர்ந்த நிலையிலேயே சேர்த்து, முன்பக்கத்தில் டேப் போட்டு நிலைநிறுத்த வேண்டும். பின்பக்கம் டேப் ஒட்டினால் பிரிக்கும்போது பெயின்டும் கூடவே வரும். பிறகு முன்பக்கத்திலிருந்தே விரிசல் மேல் துளித்துளியாகப் பசையை வைத்தால் நுண்துளைக் கவர்ச்சியால் தானே உள்ளே இறங்கும். ஆபத்தும் அதே கவர்ச்சியில்தான் இருக்கிறது. இறங்கிய பசை கண்ணாடிக்கும் எழும்பிய பெயின்டுக்கும் இடையில் புகுந்து, ஈரக் கறை போல ஒரு திட்டை நிரந்தரமாக விட்டுச்செல்லலாம். விரிசலை ஒட்டிய பெயின்ட் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்காமல் பசையை வைக்கக் கூடாது.

ஒட்டிய கண்ணாடிக்குப் பழைய பலம் திரும்பாது. குவிந்த கண்ணாடியில் விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஓடும் விரிசல் என்றால், தலைக்கு மேல் மாட்டும் கடிகாரத்தில் அதை நம்பி வைக்க நான் தயங்குவேன். கட்டிலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் மேலே என்றால் தயக்கம்கூட இல்லை, வேண்டாம் என்றே சொல்வேன். உள்கண்ணாடியில் உள்ள விரிசலுக்கு இந்தப் பயம் குறைவு. முன்னால் வெளிக்கண்ணாடி காவல் நிற்கிறது. ஒட்டியதைத் திரும்ப மாட்டும்போது கிளிப்புகளுக்கு அடியில் மெல்லிய கம்பளித் துண்டோ சிலிக்கான் பட்டையோ வைத்து, கண்ணாடி விரியக் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

உதிர்ந்த இடத்தைத் தீட்டுவது

இதுதான் பலரையும் ஈர்க்கும் வழி, பல நல்ல கடிகாரங்கள் கெட்டுப்போகும் வழியும் இதுவே. காரணம் மேலே சொன்ன ஒளிதான். அசல் சிவப்பு ஓரளவு ஒளி கடத்தும் மெல்லிய படலம். அதன் பின்னால் வெள்ளைப் படலம். நீங்கள் எடுக்கும் டப்பா சிவப்பு முற்றிலும் ஒளிபுகாதது. பகலில் இரண்டும் ஒரே சிவப்பு. விளக்கைப் போட்டால் ஒன்று ஒளிரும், மற்றது கருத்து நிற்கும். சரியாகச் செய்ய வேண்டும் என்றால் அசலின் அடுக்குமுறையையே பின்பற்ற வேண்டும்: முதலில் ஒளி கடத்தும் வண்ணம், காய்ந்ததும் அதன் மேல் மெல்லிய வெள்ளை. ஒவ்வொரு அடுக்குக்குப் பின்னும் விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்க்க வேண்டும். பின்பக்கம் தீட்டிக்கொண்டே முன்பக்க விளைவைப் பார்க்க, அடியில் ஒரு முகக்கண்ணாடியை வைத்துக்கொள்வது உதவும்.

அசலின் மேல் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாமல், உதிர்ந்த இடத்தில் மட்டும் தீட்டுவது என்ற கட்டுப்பாடு இருந்தால் இந்த வழியை ஏற்கிறேன். ரோமில் 1939-இல் தொடங்கிய மத்தியப் புனரமைப்பு நிறுவனத்தில், செசாரே பிராண்டியின் தலைமையில் உருவான ஒரு முறை உண்டு. சேதமான ஓவியத்தின் இடைவெளியை நுண்ணிய நெடுக்குக் கோடுகளால் நிரப்புவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் முழுமையாகத் தெரியும், நெருங்கினால் எது அசல், எது பின்னால் சேர்ந்தது என்று புரியும். சுவர்க் கடிகாரத்தை யாரும் மூக்கை வைத்துப் பார்ப்பதில்லை என்பதால், பரந்த பின்னணி நிறம் உதிர்ந்த இடங்களுக்கு இந்த எண்ணம் அழகாகப் பொருந்துகிறது. எழுத்தின் விளிம்புக்குப் பொருந்தாது. அங்கே கைநடுக்கம் உடனே காட்டிக்கொடுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த உபாயம் வேறு. கண்ணாடியில் தீட்டவே தீட்டாமல், மெல்லிய தெளிந்த பாலியெஸ்டர் படலத்தில் அந்தத் துண்டை மட்டும் தீட்டியோ அச்சிட்டோ வெட்டி, உதிர்ந்த இடத்துக்குப் பின்னால் வைப்பது. தட்டையான உள்கண்ணாடி என்றால் முழு வட்டப் படலமாகவே வைத்து, விளிம்பில் பிடித்துக்கொள்ளலாம். அசலில் ஒரு துளி பெயின்டும் படவில்லை, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். குவிந்த கண்ணாடிக்கு முழுப் படலம் ஒத்துவராது, மடிப்பு விழும். சிறு துண்டுகள் மட்டும் பொருந்தும். படலத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியால் பக்கவாட்டில் பார்த்தால் லேசான நிழல் தெரியும். அந்தக் குறையைச் சகித்துக்கொள்ளலாம்.

புதுக் கண்ணாடி

கண்ணாடி பல துண்டுகளாகி, சில துண்டுகள் காணாமலே போயிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. பிரபலமான மாதிரிகளுக்கு, முக்கியமாகப் பாம் கடிகாரங்களுக்கு, அச்சிட்ட மறுபதிப்புக் கண்ணாடிகளே விற்பனைக்கு வருகின்றன. தரம் ஏறுக்கு மாறாக இருக்கும். வாங்கும் முன் பார்க்க வேண்டியது மூன்று: எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, பின்னால் வெள்ளைப் படலம் உண்டா, ஒளியூட்டிய நிலையில் எடுத்த படம் தருகிறார்களா. மூன்றாவதைத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

மறுபதிப்பு கிடைக்காத மாதிரிக்குத் தனியாகச் செய்விக்க வேண்டும். தட்டைக் கண்ணாடி என்றால் வட்டமாக வெட்டி, நடுவில் முட்களுக்குத் துளை போடுவதோடு முடியும். குவிந்ததற்கு வளைவின் ஆரம் தெரிய வேண்டும். அளப்பது எளிது. கண்ணாடியைக் கவிழ்த்துச் சமதளத்தில் வைத்து நடு உயரத்தை எடுங்கள். விட்டத்தின் வர்க்கத்தை, உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, அதோடு உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் வந்துவிடும். விட்டம் 36 செ.மீ., உயரம் 3 செ.மீ. என்றால் 1,296-ஐ 24-ஆல் வகுக்க 54, அதோடு 1.5 சேர்க்க 55.5 செ.மீ. கண்ணாடி உடைந்து உயரத்தை அளக்க முடியாவிட்டால், பெரிய துண்டு ஒன்றின் மேல் அட்டையை வைத்து வளைவை வரைந்துகொண்டு இதே கணக்கைப் போடலாம். நடு உயரத்தை மேற்பரப்பு வரை அளக்கும்போது கண்ணாடியின் தடிமனைக் கழிக்க மறக்க வேண்டாம்.

கண்ணாடியை அச்சுக்குழியின் மேல் வைத்துச் சுமார் 650 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் தன் எடையாலேயே இளகி வளையும்; பிறகு மெதுவாக ஆறவிட வேண்டும். அந்தச் சூட்டில் சாதாரண மை எதுவும் தாங்காது. எனவே வளைத்த பிறகே அச்சிட முடியும், வளைந்த பரப்பில் அச்சிடுவதுதான் இந்த வழியின் பெரிய தலைவலி. வினைல் ஸ்டிக்கர் குவிந்த பரப்பில் ஓரத்தில் சுருங்கும், நடுவில் காற்றுக் குமிழி விடும். நீரில் ஊறவைத்து நகர்த்தும் டிகால் இளகும் தன்மையுடையது. வளைவுக்கு ஓரளவு படியும். சிறு எழுத்துக்கும் சின்னத்துக்கும் அது போதும். முகம் முழுவதும் ஒரே நிறம் பரவிய விளம்பரத்துக்கு ஸ்டென்சில் வைத்து ஸ்ப்ரே கன்னால் வண்ணம் அடிப்பதே சிறந்த பலனைத் தருகிறது. தட்டைக் கண்ணாடிக்கு இந்தக் கவலையே இல்லை. ஸ்க்ரீன் பிரின்டிங்கும் டிஜிட்டல் அச்சும் இரண்டுமே நன்றாக வரும்.

எதைச் செய்வதாக இருந்தாலும், உடைந்த கண்ணாடியைப் படமெடுக்கத் தாமதிக்காதீர்கள். குவிந்த பரப்பை அருகிலிருந்து எடுத்தால் ஓரத்து எழுத்துகள் கோணலாகும். தள்ளி நின்று, நீண்ட குவியத்தூர லென்ஸில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். ஒளியூட்டி ஒன்று, ஒளியின்றி ஒன்று.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் முகம் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உடைந்து தலையில் விழாது, எடை குறைவு, வளைப்பதும் சுலபம். குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்துக்கு நான் ஆம் என்பேன். ஆனால் சூட்டுக்கு அது கண்ணாடியைப்போல் ஏழெட்டு மடங்கு விரியும். 38 செ.மீ. வட்டம் 30 டிகிரி சூடேறினால் கண்ணாடி 0.1 மி.மீ. வளரும், அக்ரிலிக் 0.8 மி.மீ. வளரும். இடம் விடாமல் கிளிப்பை இறுக்கினால் நடுவில் உப்பி நிற்கும். கீறலும் விழும், நிலைமின்சாரத்தால் தூசியையும் இழுக்கும். எல்லாவற்றையும்விட, அதன் பளபளப்பு வேறு மாதிரி. பழைய கண்ணாடியில் ஜன்னலின் பிம்பம் லேசாக நெளியும், இதில் நெளியாது. அது தெரிந்தவர் கண்ணை உறுத்தும்.

அதே மாதிரிக் கடிகாரம் இன்னொன்றை வாங்கி அதன் கண்ணாடியை எடுத்துப் போடுவதையும் ஒரு வழியாகச் சொல்கிறார்கள். இரண்டாவதின் பெட்டியோ மோட்டாரோ தேறாத நிலையில் இருந்தால் சரி. இல்லையென்றால் ஒரு கடிகாரத்தை வாழவைக்க இன்னொன்றைக் கொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

யாருக்கு எது

கண்ணாடி முழுசு, பெயின்ட் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது: நிலைநிறுத்துங்கள், எல்இடி போடுங்கள், மிகவும் உறுத்தும் ஓரிரு துளைகளுக்குப் பின்னால் மட்டும் படலத் துண்டு வையுங்கள். உள்கண்ணாடியில் ஒரு விரிசல், அச்சு நல்ல நிலை: ஹெக்ஸ்டாலில் ஒட்டுங்கள், ஒட்டிய கோடு மங்கலாகத் தெரிவதை ஏற்றுக்கொள்ளுங்கள். வெளிக்கண்ணாடியில் அச்சும் இருந்து, குறுக்கே விரிசலும் ஓடினால்தான் மனம் இரண்டாகும். விளக்கு எரிய, சுவரில் உயரத்தில் தொங்க வேண்டும் என்றால் புதுக் கண்ணாடியை மாட்டி, பழையதை ஒட்டாமல் துண்டுகளாகவே உறையிட்டு வைத்துவிடுங்கள். அலமாரிக்குள் விளக்கின்றி வைத்து ரசிப்பீர்கள் என்றால் ஒட்டி வையுங்கள். பாதிக்கு மேல் பெயின்ட் போய்விட்ட கண்ணாடியை உட்கார்ந்து முழுவதும் தீட்டுவது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். அதற்குப் பின் அது அசலும் இல்லை, நல்ல நகலும் இல்லை.

விற்பதானால் விலை இந்த வரிசையையே பின்பற்றும். உதிர்ந்த அசலுக்குச் சேகரிப்பாளர் தரும் மதிப்பைப் பளபளக்கும் மறுபதிப்புக்குத் தர மாட்டார். மறுபதிப்பை அசல் என்று விற்பவர்களால் இந்தச் சந்தை ஏற்கெனவே சந்தேகத்தில் நொந்துபோயிருக்கிறது. எந்தக் காலத்திலும் வெளிவராத விளம்பரங்களைத் தாங்கிய 'பழைய' கடிகாரங்கள்கூட வலம் வருகின்றன. எனவே புதுக் கண்ணாடி போட்டால் விளிம்புக்கு அடியில் மறையும் இடத்தில் 'மறுபதிப்பு' என்றும் ஆண்டையும் அழியாத மையில் எழுதிவிடுங்கள். பழைய துண்டுகளைக் கடிகாரத்தோடு சேர்த்தே கைமாற்றுங்கள்.

ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் கண்ணாடிக்கு ஆபத்து என்பதால், அதை மாட்டும் முன் பெட்டிக்குள் முடிக்க வேண்டியதையெல்லாம் முடித்துவிட வேண்டும். வயரின் ரப்பர் உறை நொறுங்கினால் முழுவதையும் மாற்றுங்கள். மோட்டாரை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு நேரம் சரிபாருங்கள். இந்த மோட்டார்கள் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றி ஓடுபவை. டெலிக்ரானின் ஹென்றி வாரன் 1916-இல் மின்நிலையத்தின் அதிர்வெண்ணையே துல்லியமாகக் கட்டுப்படுத்தும் கருவியைப் பொருத்தியது இதற்காகத்தான். அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டாரை நம்மூர் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். 110 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் மோட்டாரை எரியாமல் காக்கும், ஆனால் நேரத்தைத் திருத்தாது. அதற்கு அதிர்வெண் மாற்றி வேண்டும், அல்லது அசல் மோட்டாரைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அந்த முட்களின் எடையைத் தாங்கும் குவார்ட்ஸ் இயந்திரம் ஒன்றைப் பொருத்த வேண்டும். முட்கள் பன்னிரண்டு மணி நேரமும் ஒன்றையொன்று உரசாமலும் கண்ணாடியைத் தொடாமலும் சுற்றி வருகின்றனவா என்று பார்த்த பிறகு விளிம்பை மூடலாம்.